30 பவுண்டு கிட்டாரும் 45 கோடி ரூபாய் கிட்டாரும்... உங்க கைக்கு எது செட் ஆகும்?

2024 பிப்ரவரியில் உலகம் முழுக்க இசை ரசிகர்கள் ஒரு செய்தியைக் கொண்டாடினார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியிடமிருந்து 1972-ல் லண்டனில் திருடுபோன பேஸ் கிட்டார், அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்துவிட்டது. ஜெர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் செய்த, வயலின் வடிவிலான கிட்டார் அது. பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பாடல்களில் ஒலிப்பது இதுதான்.

ஆனால், அவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்ற காரணம் ரொம்ப சாதாரணமானது. 1961-ல் ஹாம்பர்க் நகரின் இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்த மெக்கார்ட்னிக்கு, ஃபெண்டர் கிட்டார் வாங்கக் காசு இல்லை. இது சுமார் 30 பவுண்டுக்குக் கிடைத்தது. அடுத்து, அவர் இடதுகைக்காரர். வயலின் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால், தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது. அவ்வளவுதான்!

'இந்த மரம், இந்த டோன், இந்த பிராண்ட்' என்று இன்று யூடியூபில் மணிக்கணக்கில் நடக்கும் விவாதம் எதுவும் அந்த முடிவில் இல்லை. கையில் எவ்வளவு காசு, கைக்கு எது பொருந்தும் என்ற இரண்டே கேள்விகள்தான்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. "ப்ரோ, ஸ்ட்ராட் வாங்கலாமா... லெஸ் பால் வாங்கலாமா?" என்று கேட்கும் தலைமுறை இது. முதல் கிட்டாரையே இ.எம்.ஐ-யில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது மூன்றே மாதத்தில் அலமாரி மேல் ஏறிவிடுவதும் நடக்கிறது. பிரபல கிட்டாரிஸ்ட்டுகளுக்கு அவர்களின் கிட்டார் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், நம்மிடம் விற்கப்படும் கதையும் உண்மையும் வேறு வேறு என்பது புரியும்.

யாரும் சீந்தாத கிட்டார்கள்!

கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாரை எடுத்துக்கொள்வோம். 1952-ல் வந்தது. 1958 முதல் 1960 வரை 'சன்பர்ஸ்ட்' நிறத்தில் சுமார் 1,500 கிட்டார்கள் தயாராகின. கனமான கிட்டார், விற்பனை மந்தம். அதனால் அந்த வடிவத்தையே நிறுவனம் நிறுத்திவிட்டது. பழைய லெஸ் பால்கள் செகண்ட் ஹேண்டாகக் கைமாறின. அப்படி ஒன்றை வாங்கி ஆம்ப்பில் சத்தத்தை ஏற்றிவிட்டு எரிக் கிளாப்டன் வாசித்த ஆல்பம் 1966-ல் வந்தது. 'அந்த சவுண்டு வேணும்' என்று ஆளாளுக்குத் தேட, 1968-ல் கிப்ஸன் லெஸ் பாலை மறுபடியும் தயாரிக்க ஆரம்பித்தது. இன்று ஒரு ஒரிஜினல் சன்பர்ஸ்ட் லெஸ் பாலின் விலையில் சென்னையில் ஃபிளாட் வாங்கலாம்.

ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். பெயரிலேயே தெரிகிறது, 1958-ல் ஜாஸ் கலைஞர்களைக் குறிவைத்து வந்த மாடல். ஆனால், ஜாஸ் வாசிப்பவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980-ல் தயாரிப்பே நின்றது. அடகுக் கடைகளில் மலிவாகக் கிடந்ததை, காசில்லாத பங்க், இண்டி இசைக்குழுக்கள் வாங்கிப் போயின. சோனிக் யூத் போன்ற குழுக்கள் அதைக் கன்னாபின்னாவென்று மாற்றி வாசித்தன. இப்போது அது இண்டி இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது!

நிர்வாணா குழுவின் கர்ட் கோபேனுக்குப் பிடித்தது ஃபெண்டர் மஸ்டாங். 1964-ல் மாணவர்களுக்காக வந்த, விலை குறைவான, சின்ன கிட்டார். கோபேனும் இடதுகைக்காரர். இடதுகைக் கிட்டார்கள் கிடைப்பதே அரிது என்பதால், அவருக்கிருந்த சாய்ஸ் ரொம்பக் குறைவு. 2022-ல் அவருடைய மஸ்டாங் சுமார் 45 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்கு முன் 2020-ல், எம்.டி.வி அன்பிளக்டு நிகழ்ச்சியில் அவர் வாசித்த 1959 மாடல் மார்ட்டின் கிட்டார் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குக் கிட்டத்தட்ட 45 கோடி ரூபாய். மாணவர்களுக்கான மாடல் அந்த விலைக்குப் போனதற்குக் காரணம், அது யார் கையில் இருந்தது என்பது மட்டும்தான்.

உடம்பு சொன்னதைக் கேட்டவர்கள்

பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, பர்மிங்காமில் ஒரு உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்தவர். 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர் என்பதால், கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார். சாதாரணக் கம்பிகளை அழுத்த முடியாததால் மெல்லிய பேன்ஜோ கம்பிகளை மாட்டினார். பிறகு கம்பிகளின் இறுக்கத்தைக் குறைக்கச் சுருதியையே கீழே இறக்கினார். அந்தக் கனத்த, இருண்ட ஒலிதான் ஹெவி மெட்டல் இசைக்கே அடித்தளமானது.

ஜோனி மிட்செலுக்குச் சிறுவயதில் போலியோ வந்ததில் இடது கை பலவீனமானது. வழக்கமான கார்டுகளைப் பிடிப்பது சிரமம். எனவே கம்பிகளை வேறு வேறு சுருதிகளில் வைத்து, குறைவான விரல்களாலேயே வாசிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அவருடைய பாடல்கள் யாருடையதைப் போலவும் இல்லாததற்கு இது முக்கியமான காரணம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், வலதுகை ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றி மாட்டிக்கொண்டார்.

இவர்கள் எல்லோரும் கிட்டாருக்குத் தங்களை வளைத்துக்கொள்ளவில்லை. கிட்டாரைத் தங்களுக்கு வளைத்தார்கள்.

கடையில் இல்லையா... நாமே செஞ்சுடலாம்!

குயீன் குழுவின் பிரையன் மே, 1963-ல் பள்ளி மாணவர். நல்ல எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வீட்டில் வசதி இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரான அப்பாவும் மகனும் சேர்ந்து தாங்களே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். நெக் பகுதிக்கு ஒரு பழைய வீட்டின் கணப்பு அடுப்புச் சட்டத்திலிருந்து மரம். ஃபிரெட் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ஸ்பிரிங்குகள் ஒரு பழைய மோட்டார் பைக்கிலிருந்து வந்தவை. சுமார் இரண்டு ஆண்டுகள் ஆனது. 'ரெட் ஸ்பெஷல்' என்ற அந்தக் கிட்டாருடன்தான் 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டைமாடியில் நின்று அவர் வாசித்தார்.

எட்டி வேன் ஹேலனுக்கு வேறு பிரச்னை. ஃபெண்டரின் வடிவம் வேண்டும், கிப்ஸனின் தடிமனான ஒலியும் வேண்டும். இரண்டும் சேர்ந்த கிட்டார் கடையில் இல்லை. மலிவாகக் கிடைத்த ஒரு பாடியை 50 டாலருக்கும், நெக்கை 80 டாலருக்கும் வாங்கி, கிப்ஸன் பிக்கப்பைப் பொருத்தி, தானே பெயின்ட் அடித்துக்கொண்டார். 'ஃபிராங்கன்ஸ்ட்ராட்' என்று பெயர். 2007-ல் அதன் கீறல்கள், சிகரெட் சூடு வரை அப்படியே நகலெடுத்து 300 கிட்டார்கள் விற்பனைக்கு வந்தன. விலை... ஒவ்வொன்றும் 25,000 டாலர்! காசைச் சேமிக்க ஒருவர் செய்த ஒட்டுவேலைக்குப் பின்னாளில் கிடைத்த விலை இது.

புத்தம் புது கிட்டாரை ஃபேக்டரியிலேயே உரசி, துருவேற்றி, 'ரெலிக்' என்று கூடுதல் விலைக்கு விற்பதும் 1990-களின் நடுவிலிருந்து நடக்கிறது. கிழிந்த ஜீன்ஸ் விவகாரமேதான்.

இசை கேட்கும் கிட்டார்

'அப்போ எந்தக் கிட்டாரா இருந்தாலும் ஒண்ணுதானா?' என்று கேட்டால், இல்லை. என்ன வாசிக்கப்போகிறோம் என்பது கிட்டாரைத் தீர்மானிக்கும். இதற்கு நமக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது.

1970-களில் ஆங்கிலேய கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல்.ஷங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவைத் தொடங்கினார். சாதாரண கிட்டாரில் அவருக்கு ஒரு சிக்கல். ஃபிரெட்டுகள் சுரங்களைத் தனித்தனிப் படிகளாக வெட்டி வைத்திருக்கின்றன. கர்னாடக இசையோ ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு, அசைந்துகொண்டு போகும் கமகத்தில் வாழ்கிறது. எனவே ஃபிரெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குழிவாகக் குடைந்து, வீணையில் கம்பியை இழுப்பதுபோல் இழுக்க வசதியான ஒரு கிட்டாரை ஆபிரகாம் வெக்டர் அவருக்காக உருவாக்கினார். குறுக்கே சுருதிக்கான கூடுதல் தந்திகளும் உண்டு. அந்தக் கிட்டார் வந்ததற்குக் காரணமே நம் ராகங்கள்தான். 2024 பிப்ரவரியில், ஷங்கர் மகாதேவன், செல்வகணேஷ் இடம்பெற்ற சக்தியின் 'திஸ் மொமென்ட்' ஆல்பம் கிராமி விருது வாங்கியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம்ம ஊர் கிட்டார் பிரசன்னா, சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துக்கொண்டே கர்னாடகக் கச்சேரி செய்துகாட்டினார். விரலை வழுக்கியும், கம்பியை வளைத்தும் கமகங்களைக் கொண்டுவந்தார். ஒரே தேவைக்கு ஒருவர் கருவியை மாற்றினார், இன்னொருவர் கை வித்தையை வளர்த்துக்கொண்டார். இரண்டுமே சரி. ஆனால், இருவருக்குமே தாங்கள் வாசிக்க விரும்பும் இசை எது என்பதில் குழப்பமே இல்லை.

மரத்துல என்ன இருக்கு?

கிட்டார் ரசிகர்களிடையே தீராத சண்டை மரத்தைப் பற்றியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்தான் உலகம் முழுக்க 'இந்தியன் ரோஸ்வுட்' என்ற பெயரில் கிட்டார்களில் போகிறது. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும், மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பின்பக்க, பக்கவாட்டு மரம் மட்டும் வேறுபடும் 6 அக்கௌஸ்டிக் கிட்டார்கள், 52 கிட்டாரிஸ்ட்டுகள். எது என்ன மரம் என்று பார்க்க முடியாதபடி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரங்களுக்கும் கொடுக்கப்பட்ட மதிப்பெண்களில் பெரிய வித்தியாசமே இல்லை! கிட்டாரின் முன்பலகை ஒலியில் முக்கியம்தான். ஆனால், பின்பக்க மரத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரங்களில் ஒரு பகுதி நம் காதுக்குப் போகவில்லை, கண்ணுக்குத்தான் போகிறது.

மார்க்கெட் என்ன சொல்கிறது?

2017-ல் எலெக்ட்ரிக் கிட்டார் செத்துக்கொண்டிருக்கிறது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 2018 மே மாதம் கிப்ஸன் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கிட்டாரை யாரும் வாங்கவில்லை என்று பலர் நினைத்தார்கள். உண்மையில், ஹெட்போன், ஸ்பீக்கர் பிசினஸில் இறங்கிக் கடனில் மாட்டியதே முக்கியக் காரணம். பிறகு கொரோனா லாக்டௌன் வந்தது. வீட்டில் அடைபட்டவர்கள் கிட்டாரைத் தேடினார்கள். 2020-ல் ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே அதிக விற்பனையைப் பார்த்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒன்று, 2018-ல் ஃபெண்டர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புதிதாகக் கற்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆனால், பல கிட்டார்களின் அளவும் எடையும் ஆண்களை மனதில் வைத்தே தீர்மானிக்கப்பட்டவை. பாடகி செயின்ட் வின்சென்ட், பெண்களின் உடம்புக்கு இடைஞ்சல் இல்லாத, எடை குறைந்த, இடுப்பு ஒடுங்கிய மாடலைத் தானே வடிவமைத்து 2016-ல் ஒரு நிறுவனத்தின் மூலம் கொண்டுவந்தார். அது பெண்களுக்கு மட்டுமல்ல, உட்கார்ந்து வாசிக்கும் எல்லோருக்கும் வசதியாகவே இருக்கிறது.

இரண்டு, அப்போது ஃபெண்டரின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஆண்டி மூனி சொன்ன கணக்கு. முதன்முறை கிட்டார் வாங்குபவர்களில் சுமார் 90 சதவிகிதம் பேர் ஒரு வருடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். கிட்டாரை விற்கும் நிறுவனமே சொன்னது இது!

விடுவதற்குச் சோம்பல், நேரமின்மை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால், 'எனக்கு டேலன்ட் இல்லை' என்று நினைத்து விட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிட்டாரே எதிரியாக இருந்திருக்கும்? கம்பி ஃபிரெட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் இருந்தால், அனுபவசாலிக்கே விரல் வலிக்கும். கை சின்னதாக இருப்பவருக்குப் பெரிய 'டிரெட்நாட்' கிட்டாரைக் கொடுத்தால் தோள்பட்டைதான் முதலில் சரண்டர் ஆகும்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?

முதல் கேள்வி, 'எந்த பிராண்ட்' இல்லை. 'எந்தப் பாட்டு?'

* நைலான் கம்பி கிளாசிக்கல்: விரலுக்கு மென்மை. ஆனால், நெக் அகலம். கம்பிகள் தொடங்கும் இடத்தில் சுமார் 52 மில்லிமீட்டர். சின்ன விரல்களுக்குச் சில கார்டுகள் எட்டாது. ஒவ்வொரு விரலாக மீட்டும் மெல்லிசைக்கு ஏற்றது.

* ஸ்டீல் கம்பி அக்கௌஸ்டிக்: நெக் அகலம் 43 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 'இளைய நிலா' தொடக்கத்திலிருந்து ஃபிரெண்ட்ஸோடு மொட்டைமாடிக் கச்சேரி வரை எல்லாவற்றுக்கும் தாங்கும். முதல் சில வாரங்கள் விரல் நுனி எரியும். அது எல்லோருக்கும் உண்டு, பயப்படாதீங்க.

* எலெக்ட்ரிக்: மெல்லிய கம்பி, லேசான அழுத்தம். உண்மையில் கைக்கு இதுதான் சுலபம். 'முதல்ல அக்கௌஸ்டிக் கத்துக்கிட்டுத்தான் எலெக்ட்ரிக் போகணும்' என்று ஒரு விதியும் கிடையாது. ஆனால் ஆம்ப், கேபிள் எல்லாம் சேர்த்து பட்ஜெட் போட வேண்டும்.

அடுத்தது உடம்பு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பியின் நீளம் 25.5 இன்ச், லெஸ் பாலில் 24.75, மஸ்டாங்கில் 24. காகிதத்தில் சின்ன வித்தியாசம். கையில் பிடித்தால் ஃபிரெட்டுகளின் இடைவெளியிலும் கம்பியின் இறுக்கத்திலும் தெரியும். லெஸ் பால் பொதுவாக 4 கிலோவை ஒட்டி இருக்கும். ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், புரியும். ஆன்லைனில் ஆஃபர் பார்த்து ஆர்டர் போடுவதற்கு முன், ஒருமுறை கடைக்குப் போய் பத்து நிமிடம் மடியில் வைத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். சட்டை போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

இடதுகைக்காரர்கள் கடையில் 'வலதுகையிலேயே பழகிக்கோங்க' என்ற பதிலைக் கேட்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பழகி ஜெயித்தவர்களும் உண்டு. ஆனால், அது உங்கள் முடிவாக இருக்கட்டும், கடையில் ஸ்டாக் இல்லாததன் முடிவாக இருக்க வேண்டாம்.

பணத்தில் ஒரு பகுதியை 'செட்டப்'புக்கு ஒதுக்குங்கள். கம்பி உயரம், நெக் வளைவு, சுருதி சுத்தம் ஆகியவற்றைத் தெரிந்த ஒருவர் சரிசெய்து கொடுத்தால், விலை குறைந்த கிட்டாரும் கைக்கு அடங்கும். செட்டப் இல்லாத காஸ்ட்லி கிட்டார் அடங்காது.

கடைசியாக ஒன்று. 'அதோட லுக் புடிச்சிருக்கு' என்பதும் நியாயமான காரணம்தான். பார்க்கும்போதெல்லாம் கையில் எடுக்கத் தோன்றும் கிட்டார், ஒலியில் கொஞ்சம் குறைந்தாலும் தினமும் வாசிக்கப்படும். எடுக்கவே தோன்றாத சூப்பர் கிட்டார் ஃபர்னிச்சர்தான்.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-ல் கண்ணாலேயே பார்க்காமல் 750 டாலருக்கு ஒரு மார்ட்டின் நைலான் கிட்டாரை வாங்கினார். 'டிரிகர்' என்று பெயர் வைத்தார். பிக் உரசி உரசி அதன் முன்பலகையில் பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. அதை அவர் மாற்றவே இல்லை. அவருக்குப் பிடித்த கிட்டார் எது என்று கேட்டால், இத்தனை வருடம் வாசித்ததால் பிடித்துப்போன கிட்டார் என்பதுதான் சரியான பதிலாக இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கிட்டார் கிடக்கிறதா? புதுசு பார்க்கும் முன் அதை இறக்குங்கள். கம்பியை மாற்றி, ஒரு செட்டப் செய்து, ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் செட் ஆகவில்லை என்றால், என்ன செட் ஆகவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்த கிட்டாரை வாங்க அந்தத் தெளிவு போதும்.